எந்த ஆண்டு வண்டி?

கனடாவில் குடியேறிய பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற கையோடு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க எண்ணியிருப்பதாக எழுதியிருந்தார். கியூபெக்கைச் சேர்ந்த பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய ‘கான்-ஆம் ஸ்பைடர்’ அது. முன்னால் இரண்டு சக்கரங்கள், பின்னால் ஒன்று. இந்த ஆண்டு வண்டியை வாங்குவதா, அடுத்த ஆண்டு வண்டி வரும்வரை பொறுப்பதா என்பதுதான் அவருடைய சங்கடம். சில ஆண்டுகளில் நிறம் மட்டுமே மாறுமாம். சில ஆண்டுகளில் மாற்றம் பெரிதாக இருக்கும். நெடுந்தூரப் பயணத்துக்கான வகையில் 998 சி.சி. இரு சிலிண்டர் இயந்திரத்தை எடுத்துவிட்டு, 2014இல் 1330 சி.சி. மூன்று சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அதற்கு முந்திய ஆண்டில் வாங்கியவர்களின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

கடிதத்தை வாசித்தபோது, கற்பிட்டிப் படகுத்துறைக்கு அருகில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிகளே என் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல. கேள்விக்குத் தவறான விடை கண்டால் ஒரு குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்குக் கடனில் அமிழ்ந்துவிடும்.

கற்பிட்டியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியில் பிரியும் வீதி, நுரைச்சோலையையும் தலவிலையையும் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓடிக் கற்பிட்டியில் முடிகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். அந்த மணலில்தான் வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. அதற்கு அப்பால் வீதி இல்லை. உச்சமுனை, பத்தலங்குண்டு, இப்பன்தீவு முதலிய தீவுகளுக்குப் படகில்தான் போகவேண்டும். உச்சமுனையிலிருந்து மீனும் கருவாடும் நோயாளியும் கற்பிட்டித் துறையில் வந்து இறங்குகின்றனர். அங்கிருந்து சந்தைக்கோ வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்வது முச்சக்கரவண்டி. திரும்பும்போது அரிசியும் ஐஸ் கட்டியும் அதிலேயே துறைக்கு வருகின்றன. தன் மணலில் தார் வீதி இல்லாத தீவும் இந்த வண்டியை நம்பியே இருக்கிறது.

துறையருகே நிற்கும் சாரதிகளில் மூத்தவரை எல்லோரும் ‘நானா’ என்றே அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து கடல்வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்களுள் அவரும் ஒருவர். அப்போது இளைஞர். நிலமோ தோணியோ இல்லாதவர்களுக்கு அன்று எட்டிய தொழில்களுள் முச்சக்கரவண்டியும் ஒன்று. தொண்ணூறுகளின் இறுதியில் அவர் வாங்கிய முதல் வண்டி, எல்லோரும் அறிந்த அந்த பஜாஜ். 145 சி.சி. டூ ஸ்ட்ரோக்.

இந்த வண்டியின் வமிசாவளி சுவையானது. போர் முடிந்த இத்தாலியில், வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொரடினோ தஸ்கானியோவின் கைவண்ணத்தில் 1948இல் பியாஜியோ நிறுவனம் ‘ஆப்பே’ என்ற சரக்கு வண்டியை வெளியிட்டது. வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. பியாஜியோவின் உரிமத்துடன் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கிய இந்தியாவின் பஜாஜ், 1977இல் இயந்திரத்தைப் பின்னால் வைத்த ஆட்டோவைக் கொண்டுவந்தது. ஆர்.ஈ. என்ற பெயரின் பொருளே ‘பின்புற இயந்திரம்’ என்பதுதான். கைபிடியைத் திருகி கியர் மாற்றும் முறையும் எட்டு அங்குலச் சக்கரமும் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஹென்றி ஃபோர்ட் 1908 முதல் 1927 வரை ‘மொடல் டி’ காரை அடிப்படை மாறாமல் செய்து ஒன்றரைக் கோடி விற்றார். ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி, பழையதை வைத்திருப்பவரைக் கூச்சப்பட வைக்கும் வித்தையை அவருக்கு எதிராக வளர்த்தவர் ஜெனரல் மோட்டர்ஸின் அல்பிரட் ஸ்லோன். முச்சக்கரவண்டி ஃபோர்டின் வழியில் வந்தது.

அப்படியானால் ‘எந்த ஆண்டு வண்டி?’ என்ற கேள்வி துறையில் ஏன் ஓயாமல் கேட்கிறது? இலங்கையில் இந்த வண்டியின் ஆண்டுகளைப் பெரும்பாலும் தீர்மானித்தது அரசாங்கமே என்பது என் எண்ணம். இலக்கத்தகடே ஒரு சாதகக் குறிப்பு. மிகப் பழையவற்றில் வெறும் இலக்கம், பின்னர் வந்தவற்றில் இரண்டு ஆங்கில எழுத்து, அதற்குப் பின்னர் மூன்று. எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் சாரதிகள் வண்டியின் வயதையும் விலையையும் சொல்லிவிடுவார்கள்.

முதற் பெரிய மாற்றம் 2008இல் வந்தது. சூழல் மாசு காரணமாக டூ ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு இல்லை. பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஊற்றவேண்டும். எரிந்தும் எரியாமலும் வெளியேறும் அந்தக் கலவைதான் நீலப் புகை. ஆனால் பழுது பார்ப்பது எளிது. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, ஒரு மணி நேரத்தில் பிஸ்டனைக் கழற்றி மாட்டிவிடுவார் கராஜ் பாஸ். ஃபோர் ஸ்ட்ரோக் வந்தபோது நானா உடனே மாறவில்லை. எரிபொருள் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும். வால்வு இடைவெளி சரிசெய்யத் தெரிந்த ஒருவர் கற்பிட்டியில் உருவாகும்வரை காத்திருந்தார். “வண்டி புதுசா வந்தாப் போதாது, சேர். பாஸும் புதுசாகணும்” என்று அவர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். எந்தப் பொறியியல் ஏட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இது சொல்லப்பட்டிருக்காது.

அடுத்தது கடன். 2015இல் மட்டும் நாட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய முச்சக்கரவண்டிகள் பதிவாயின. எவரும் லீசிங்கில் எடுக்கலாம் என்றிருந்த காலம். 2017 தொடக்கத்தில் மத்திய வங்கி, வண்டியின் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் கடன் வழங்கக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. இதனால் 2015, 2016ஆம் ஆண்டு வண்டிகள் சந்தையில் ஏராளம். பழைய வண்டி தேடுபவர்கள் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.

மூன்றாவது மாற்றம் எல்லாக் கணக்குகளையும் தலைகீழாக்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நாட்டில் புதிய ஆண்டு என்ற ஒன்றே பிறக்கவில்லை. ஓடி ஓடித் தேயவேண்டிய வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்கலாம் என்றாலும் விற்றவர் மிகக் குறைவு. விற்றபின் எதை ஓட்டுவது?

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு முதலில் கிடைத்தது வாரத்துக்கு ஐந்து லீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு அது 125 கிலோமீற்றர். அதாவது கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு ஒன்றரைத் தடவை போய்வரும் தூரம். 30 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 150. ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்குமான வேறுபாடு, வாரத்தில் ஒரு நாள் உணவாக மாறிய காலம் அது.

இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டுச் சில மாதங்களின் பின் உச்சமுனைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மீனவர் வீட்டில் இதே வாதம் நடந்துகொண்டிருந்தது. மகனுக்குக் கடலில் நாட்டமில்லை. கற்பிட்டியில் உறவினர் வீட்டில் தங்கி முச்சக்கரவண்டி ஓட்ட விரும்புகிறார். கேட்பது புத்தம் புதிய வண்டி. நவம்பர் முதல் ஏப்ரல்வரை டொல்பின் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். மே மாதம் தொடங்கினால் காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குபவர்கள். அவர்கள் பழைய வண்டியில் ஏறமாட்டார்கள் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை.

தகப்பனார் வேறொரு நிறையில் நிறுத்தார். “என்ஜின் வாங்கப்போனா நான் என்ன வருசம்னு கேக்கிறதில்ல, சேர். உப்பைத் தாங்குமா, சாமான் கற்பிட்டியில கிடைக்குமா, இதத்தான் கேப்பேன்” என்றார். படகின் இயந்திரத்தைப் பற்றி அவர் சொன்னது முச்சக்கரவண்டிக்கும் அப்படியே பொருந்தும். இந்தக் கரையில் வண்டியின் பகைவன் வயது அன்று, உப்பு. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் நீர், கால் வைக்கும் தகட்டைக் கீழிருந்து தின்றுவிடும். பழைய வண்டிகளின் தகடு தடித்தது என்றொரு நம்பிக்கை துறையில் உண்டு. மெல்லிதாக இருந்தவை, கழுவப்படாமல் விடப்பட்டவை எல்லாம் இரும்புக்கடைக்குப் போய்விட்டன, நன்கு பேணப்பட்டவையே நம் கண்முன் நிற்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர்களுடன் அமர்ந்து நானும் கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 25 ஓடும் பழைய வண்டிக்கு நான்கு லீற்றர், 30 ஓடும் புதியதற்கு மூன்றேகால் லீற்றரிலும் சற்று அதிகம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றால் நாளுக்கு மிச்சம் 200 ரூபா. மாதத்தில் 25 நாள் ஓடினால் 5,000 ரூபா. இனி மறுபக்கம். ரூபாவின் வீழ்ச்சியாலும் வரியாலும் புதிய வண்டியின் விலை இறக்குமதித் தடைக்கு முன்பிருந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல். புதியதை வாங்கப் பத்து இலட்சம் கூடுதலாகக் கடன் பட்டால், ஆண்டுக்கு 15 வீத வட்டி எனக் கொண்டாலும் தொடக்கத்தில் வட்டி மட்டும் மாதம் 12,500 ரூபா. எஞ்சும் 7,500 ரூபாவைப் பழைய வண்டியின் திருத்தச் செலவும், அது கராஜில் படுக்கும் நாள்களின் இழப்பும் விழுங்கினால்தான் புதியது இலாபம். விழுங்காவிட்டால் நட்டம்.

மகன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “பழசு ரெண்டு நாள் கராஜில நின்டா அந்தக் காசு போயிரும்தானே?” என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்கு விடை வண்டியின் ஆண்டில் இல்லை, அதை முன்பு ஓட்டியவரின் கையில் இருக்கிறது. தகப்பனார் மறுநாளே கற்பிட்டிக்கு வந்து நானாவைச் சந்தித்தார். இரண்டு வாரம் தேடியபின், ஒரே உரிமையாளர் ஓட்டிய, மீன் ஏற்றாத, 2015ஆம் ஆண்டு வண்டி ஒன்று பாலாவிப் பக்கம் அகப்பட்டது. நானா அதன் அடித்தகட்டைக் குனிந்து தட்டிப் பார்த்த பிறகே பணம் கைமாறியது. கடன் எடுக்கவில்லை. தாயாரின் இரண்டு காப்புகள் போயின. அது சிறிய விலை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும் விலை அல்ல அது.

இப்போது துறையில் புதிய பேச்சு மின்சார வண்டி. இந்தியாவில் மின்கலத்தில் ஓடும் முச்சக்கரவண்டிகள் பெருந்தொகையாக விற்பனையாகின்றன. இங்கும் பழைய பெற்றோல் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முயற்சிகள் நடந்துள்ளன. கற்பிட்டி வீதியில் ஓடுபவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் அவர்கள் பெற்றோலுக்கு அலைகிறார்கள். ஒலியில்லை, ஒயில் இல்லை, வால்வு இல்லை என்பதெல்லாம் அவர்களைக் கவராமலில்லை. நானா கேட்பது பழைய கேள்விதான்: உப்புக் காற்றில் பெற்றரி எத்தனை காலம் நிற்கும், செத்தால் எந்தப் பாஸ் பார்ப்பார்?

நாட்டில் பதிவான முச்சக்கரவண்டிகள் பதினொரு இலட்சத்துக்கும் மேல். அவற்றின் எதிர்காலம் குறித்துக் கொழும்பில் கூட்டங்கள் நடக்கின்றன, வர்த்தமானி அறிவித்தல்கள் வெளியாகின்றன. 2008இலும் 2017இலும் 2020இலும் எடுக்கப்பட்ட முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. சில நல்ல காரணங்கள். ஆனால் ஒரு வண்டி நல்லதா என்பதை நாள்தோறும் சோதித்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் அந்தக் கூட்டங்களில் இருப்பதில்லை. அவர்கள் புதுமைக்கு எதிரிகள் அல்லர். டூ ஸ்ட்ரோக்கை விட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வந்தவர்கள், வரிசையில் இரவு பகலாக நின்று மீண்டவர்கள். மின்சார வண்டிக்கும் வருவார்கள். அதற்கு முன் கற்பிட்டியில் ஒருவருக்காவது அந்த வண்டியைத் திருத்தக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். உச்சமுனையிலிருந்து வந்து இறங்கும் நோயாளிக்கு, துறையில் நிற்கும் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது முக்கியமல்ல. இயக்கியவுடன் அது புறப்படவேண்டும்.