கோஸ் இலையின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கியா பார்ம் சந்தை மெல்ல அடங்கும். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையிறங்கும். காலையிலிருந்து வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்த சாலையில் அப்போதுதான் நடப்பவருக்கு இடம் கிடைக்கும். அவித்த சோளத்தின் மணம் மட்டும் குளிர்காற்றில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் காய்கறிக் கடைக்கார அம்மாள் ஒருவர் கடையின் பின்புறம் குனிந்து, முட்டைக்கோசின் வெளி இலைகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வாங்குவோரின் கண்ணைக் கவர வேண்டுமென்றால் கோசின் முதல் இரண்டு மூன்று இலைகளை உரித்துத்தான் ஆகவேண்டும். அவற்றோடு வெடித்த தக்காளி, நசுங்கிய ஸ்திராபெரி, வாடிய கீரை, சோளத்தோல் எல்லாம் சேர்ந்தன. அவருடைய மகன், நான்காம் படிவ மாணவன், கூடையை அங்கிருந்த தராசில் வைத்துப் பார்த்தான். வாரக் கடைசி இரண்டு நாளில் சேர்ந்தது ஏறக்குறைய நூறு கிலோ.

“குப்பையை எதுக்கய்யா நிறுக்கிற?” என்று தாய் சிரித்தார்.

பள்ளியில் ஆசிரியர் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கைத் தன் கடைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

கழிவு அழுகினால் வாயு வரும் என்பது புதிய செய்தியன்று. 1776-ஆம் ஆண்டு இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, மஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தார். அந்த வாயுவைத்தான் இன்று மீத்தேன் என்கிறோம். காற்றுப் புகாத தொட்டியில் காய்கறிக் கழிவையோ சாணத்தையோ நீரோடு கலந்து அடைத்து வைத்தால், நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைக்கின்றன. முதலில் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் நாரையும் உடைத்து அமிலமாக்கும். பிறகு வேறுவகை நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தை உண்டு மீத்தேனை வெளிவிடும். இப்படிக் கிடைக்கும் உயிரி எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. அழுகிய முட்டையின் நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடும் சிறிதளவு இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. 1885-இல் இந்த மலைப்பகுதிக்கு வந்து, தம் பெயரை இதற்கு விட்டுச் சென்றவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டி அமைத்து, அதில் பிறந்த வாயுவால் விளக்கெரித்தவர் டோனல்ட் கேமரன். அவரும் நகராட்சியின் நில அளவையாளரே. ஒருவருக்கும் மற்றவருக்கும் தொடர்பிருந்ததாகத் தெரியவில்லை. பெயரும் தொழிலும் தற்செயலாகப் பொருந்திவிட்டன.

தமிழர்களுக்குச் சாண எரிவாயு அறிமுகமானது இந்தியக் கிராமங்களின் வழியாக. மாட்டுச் சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் அடுப்பு எரியும். ஆனால் நிலத்துக்குப் போகவேண்டிய உரம் சாம்பலாகிவிடும். தொட்டியில் இட்டால் அடுப்புக்கும் நிலத்துக்கும் சேர்த்தே கிடைக்கும். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் இத்தகைய தொட்டிகளை நாடெங்கும் பரப்பத் தொடங்கியது. சென்னையில் கோயம்பேடு காய்கறிச் சந்தையின் கழிவுக்கென்றே 2005-இல் ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 30 டன் கழிவை ஏற்று, மின்சாரம் எடுக்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. மலேசியாவிலோ செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்கள் மூடப்பட்டு, அவற்றிலிருந்து எழும் மீத்தேன் பிடிக்கப்படுகிறது. ஆக, பெரிய சந்தைக்கும் பெரிய ஆலைக்கும் வழி உண்டு. ஒரு கடைக்கு?

மகன் நோட்டுப் புத்தகத்தை விரித்தான். கோஸ் இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிலோ இலையில் உலர்ந்த பொருள் பத்துக் கிலோகூடத் தேறாது. அதிலிருந்து ஏறத்தாழ 3 கன மீட்டர் எரிவாயு கிடைக்கலாம். ஒரு கன மீட்டர் உயிரி எரிவாயு, கடையில் வாங்கும் சமையல் எரிவாயுவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவானதற்கு ஈடு. 14 கிலோ வீட்டு எரிவாயுக் கலனின் மானிய விலை 26 ரிங்கிட் 60 காசு. பெருக்கி வகுத்துப் பார்த்தான். விடை ஏறக்குறைய இரண்டரை ரிங்கிட்.

“நூறு கிலோவைத் தூக்கிச் சுமந்து, நறுக்கி, தொட்டி கட்டி… எல்லாம் ரெண்டரை வெள்ளிக்கா?” என்றார் தாய்.

அவர் கேட்டதில் தவறில்லை. குப்பையிலிருந்து பொன் எடுக்கலாம் என்று பேசுவோர் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. சந்தை முழுவதும் சேர்த்து நாளுக்கு ஒரு டன் கழிவு திரண்டால், கிடைப்பது ஏறக்குறைய ஒரு கலன் எரிவாயு. சோளம் அவிக்கும் கடைகளுக்கு அது உதவும். ஆனாலும் எரிவாயுவை மட்டும் எண்ணினால் இந்த முயற்சி மெலிந்தே தெரியும்.

கணக்கின் அடுத்த வரியை எழுதியவர் மாமா. தாயின் தம்பியான அவர், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே கோசும் சாலட் கீரையும் பயிரிடுகிறவர். அவர்களுடைய பாட்டனார் அருகிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். லயத்தின் பின்னே மாடு வளர்த்து, சாணத்தைக் குழியில் மக்கவிட்டுக் கீரைப் பாத்திக்குப் போட்டவர். இப்போது லயமும் இல்லை, மாடும் இல்லை. எருவுக்கு மூட்டை மூட்டையாகக் கோழி எச்சம் கீழிருந்து லாரியில் மேலேறி வருகிறது. பதப்படுத்தாத கோழி எச்சத்தை நிலத்தில் கொட்டினால் ஈ மொய்க்கும். மழை பெய்தால் அது ஓடைக்குப் போகும். கேமரன் மலையில் ஈத்தொல்லை பற்றிய முணுமுணுப்பு நெடுநாளாக உண்டு.

“எரு மேலே ஏறுது, கோஸ் இலை குப்பையா கீழே இறங்குது. ரெண்டுக்கும் லாரி வாடகை நாமதான் கொடுக்கிறோம்,” என்றார் மாமா.

உண்மையில் தொட்டியிலிருந்து வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். பயிருக்கு வேண்டிய நைட்ரஜன், பொஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை அடியில் எஞ்சும் கரைசலிலேயே தங்கிவிடும். நைட்ரஜனின் ஒரு பகுதி, வேர்கள் எளிதில் உறிஞ்சும் வடிவத்துக்கும் மாறியிருக்கும். கோஸ் இலையை மட்டும் போட்டால் தொட்டி விரைவில் புளித்துப்போகும். கோழி எச்சத்தை மட்டும் போட்டால் அம்மோனியா மிகுந்து நுண்ணுயிர்கள் தளரும். இரண்டையும் அளவாகக் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். நன்றாகச் செரித்த கரைசலில் நாற்றம் குறைவு. ஈக்களுக்கும் அதில் அவ்வளவு நாட்டமில்லை. ஆனால் பச்சையாக உண்ணும் கீரையின்மேல் அதைத் தெளிக்கக்கூடாது. நடுவதற்கு முன்பே மண்ணில் கலக்க வேண்டும்.

பிறகு குளிர். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு உகந்த வெப்பம் 35 பாகை செல்சியஸ் அளவு. 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் கியா பார்மில் இரவில் 15 பாகை அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் செரிக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சமவெளியில் ஒரு மாதத்தில் நடப்பதற்கு இங்கே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தொட்டியும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். கட்டிய தொட்டிகள் கைவிடப்படுவதற்குக் குளிரும் ஒரு காரணம்.

இதைவிடக் கடுமையான குளிரில் வாழும் மக்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் பொலிவியா, பெரு நாட்டு மேட்டுநிலங்களில், நெகிழிக் குழாய்த் தொட்டியை மண்ணுக்குள் பள்ளத்தில் கிடத்தி, சுற்றிலும் பச்சை மண்கல் சுவர் எழுப்பி, மேலே ஒளி புகும் கூரை போடுகிறார்கள். பகலில் பிடித்த வெயிலின் சூட்டை மண்சுவர் இரவில் காத்துக் கொடுக்கும். ஒளி புகும் கூரைக்குக் கேமரன் மலையில் பஞ்சமா? சரிவுகளை வெண்மையாக மறைத்து நிற்பவையே அவைதாம்.

மாமாவின் கூரைக்கு உள்ளேயே, ஒரு மூலையில், 200 லிட்டர் நெகிழிப் பீப்பாயைப் பாதி புதைத்தார்கள். கருப்பு நெகிழித் தாளால் போர்த்தினார்கள். தொடக்க நுண்ணுயிர்களுக்காகக் கீழே தாப்பாவிலிருந்து இரண்டு வாளி மாட்டுச் சாணம் வந்தது. காற்றோடு கலந்த மீத்தேன் வெடிக்கக்கூடியது என்பதால், வாயுவைச் சோதிக்கும் வேலையை அறிவியல் ஆசிரியர் தம் கையில் வைத்துக்கொண்டார்.

முதல் சில வாரங்களில் வந்த வாயு எரியவேயில்லை. அதில் கரியமில வாயுவே மிகுதி. மகன் ஆர்வத்தில் ஒருநாள் இரண்டு கூடை இலையைச் சேர்த்துப் போட்டுவிட, தொட்டி புளித்தது. பத்து நாள் ஒன்றும் போடாமல் காத்திருந்தார்கள். கடையில் வேறொரு பாடம் நடந்தது. கோஸ் இலையோடு ரப்பர் வளையமும், ஸ்திராபெரிப் பெட்டியின் நெகிழி மூடியும் கலந்து வந்தன. மூன்றாவது முறை குழாய் அடைத்துக்கொண்டபோது, தாய் கடையின் பின்புறம் இரண்டு கூடைகளை வைத்துவிட்டார். பஹாங்கில் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் முதல் தேதியிலிருந்தே கட்டாயம்தான். எனினும் அவர் பிரிக்கத் தொடங்கியது அந்தக் குழாய்க்காக.

மூன்றாம் மாத இறுதியில் ஆசிரியர் தீக்குச்சியை நீட்டியபோது, வெளிர்நீலத்தில் ஒரு சிறு சுடர் நின்றது. ஒரு குவளைத் தண்ணீர் கொதிப்பதற்குள் அது தணிந்தும் போனது. தாய் அந்தத் தண்ணீரில் தேயிலையைப் போட்டார்.

மாமா சுடரைப் பார்க்கவில்லை. பீப்பாயின் வெளிக்குழாயில் வடிந்த கருப்புக் கரைசலைத் தகரக் குவளையில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்துக் கேட்டார்: “அடுத்த வாரம் நாத்து நடணும். இது எத்தனை வாளி தேறும்?”