பெறுமதி எவ்வளவு?

யப்பானிலிருந்து பழைய கெமரா ஒன்றை எடுப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இஞ்ச இல்லாத பழசா?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. பழசுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனால் கடற்கரைக் காற்றுக்கும் கெமராக் கண்ணாடிக்கும் ஆகாது. ஈரம் பட்டால் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். முதலில் ஒரு பொட்டு, பிறகு சிலந்தி வலை போல நூல்நூலாகப் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். கொழும்பில் விசாரித்துப் பார்த்த இரண்டு கெமராக்களில் ஒன்றுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. மற்றதை வைத்திருந்தவர் அலுமாரியில் காட்சிக்கு வைக்கும் விலை சொன்னார்.

நான் தேடியது யஷிகா மெட் 124 ஜி. மேலே ஒரு கண், கீழே ஒரு கண். நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும். மேற்கண் பார்ப்பதற்கு, கீழ்க்கண் படம் எடுப்பதற்கு. 1970 முதல் 1986 வரை செய்தார்கள். எங்கள் வாப்பா அதை 1979 இல் புறக்கோட்டையில் வாங்கினார். 1977 இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலம். அதற்கு முந்திய ஏழு வருடங்களில் இப்படியொரு பொருளைக் கடையில் காண்பதே அரிது என்பார். கலியாண வீடுகள், பாடசாலைக் குழுப் படங்கள், அடையாள அட்டைக்கான படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளால்தான் போயின. ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டு படம். பதின்மூன்றாவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், மாப்பிள்ளை கண் சிமிட்டிவிட்டால் வாப்பாவுக்கு வரும் கோபம் இருக்கிறதே!

2004 அளவில் ஸ்டூடியோ வேலையெல்லாம் 35 மி.மீ. பிலிமுக்கு மாறிவிட்டது. யஷிகாவுக்கு ஓய்வு. மாரி காலம் வந்தால் வாப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே சின்ன மின்குமிழ் எரியும் அலுமாரியில் வைப்பார். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. டிசம்பர் 26 அன்றும் அது அங்கேதான் இருந்தது. கடையில் விட்டிருந்தால் தப்பியிருக்கும். பூஞ்சணத்துக்குப் பயந்து கடலுக்குக் கொடுத்தோம்.

நான்கு நாட்களின் பின் மணலுக்குள் அகப்பட்டது. பற்சில்லுகள் உப்பில் இறுகி, கைபிடி அசையவில்லை. உயிர்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு கெமராவைப் பற்றிக் கதைப்பது வெட்கம். கொஞ்சக் காலம் மேசையில் இருந்தது, பிறகு காணவில்லை. வாப்பா சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

அதே கெமராவை அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் 2021 இலேயே இருந்தது. காசும் சேர்த்து வைத்திருந்தேன். 2022 மார்ச்சில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவுக்கு ஏறியபோது, சேர்த்த காசு பாதிக் கெமராவுக்குத்தான் காணும் என்றாகிவிட்டது. பாதிக் கெமராவை எவரும் விற்பதில்லை. 2024 இல், டொலர் 300 ரூபாவுக்கு இறங்கியபோது, மறுபடியும் துணிந்தேன்.

யப்பானிய விற்பனையாளர்களின் பாசையைப் பழகிக்கொள்வது தனிப் படிப்பு. நாம் 'நல்லம்' என்பதை அவர்கள் 'எக்ஸலன்ட்' என்பார்கள், அதற்குப் பின்னால் ஐந்து கூட்டல் குறி வேறு. அது பாவித்துத் தேய்ந்தது என்றுதான் அர்த்தம். 'மின்ட்' என்றால் புதிது போல, 'ஜங்க்' என்றால் எங்கள் பொறுப்பில்லை. 'பிலிம் கைவசம் இல்லாததால் பரீட்சிக்கவில்லை' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பரீட்சித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருப்பார்கள். தலைப்பை விட்டுவிட்டு அடியிலுள்ள சிறிய எழுத்துகளை வாசிக்க வேண்டும். லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து எடுத்த படம் இல்லாவிட்டால் கேட்க வேண்டும். இன்னொன்று வாப்பாவிடம் கற்றது: பழைய ஷட்டரில் முதலில் சாவது ஒரு செக்கன் வேகந்தான். உள்ளேயுள்ள எண்ணெய் பசையாகி, ஒரு செக்கன் மூன்று செக்கனாகும், அல்லது திறந்தபடி நின்றுவிடும். அந்த ஒரு செக்கனை ஒலியோடு படம்பிடித்து அனுப்பும்படி ஒரு விற்பனையாளரிடம் கேட்டேன். அனுப்பினார். சரியாக இருந்தது. 'கீழ் லென்ஸின் ஓரத்தில் சிறு பூஞ்சணப் பொட்டு ஒன்று உண்டு, படத்தைப் பாதிக்காது' என்றும் எழுதியிருந்தார். விலை 230 டொலர், அனுப்பும் கூலி 35.

இங்கேதான் நான் ஒரு வேலை பார்த்தேன். சுங்கப் படிவத்தில் பெறுமதியை ஐம்பது டொலர் என்று போட்டு, 'அன்பளிப்பு' என்ற கட்டத்தில் அடையாளமிட முடியுமா என்று அவருக்கு எழுதினேன். எல்லாரும் செய்வதுதானே என்ற துணிவு. மறுநாள் பதில் வந்தது. மிகவும் மன்னிப்புக் கேட்டிருந்தார், ஆனால் முடியாது. அந்தப் படிவத்தில் இருப்பது அவருடைய கையொப்பம். அதோடு, பொதி வழியில் தொலைந்தால் எழுதிய தொகைக்கு மேல் நட்டஈடு கிடைக்காது, அப்போது நட்டம் எனக்குத்தான் என்றும் விளக்கியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. ஐம்பது டொலருக்காக முன்பின் தெரியாத ஒரு மனிதனைப் பொய் எழுதக் கேட்டிருக்கிறேன் என்பது இரவில்தான் உறைத்தது. காசை அனுப்பினேன்.

மூன்று வாரத்தின் பின் துண்டு வந்தது. இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனேன். தபால் ஊழியர் என் முன்னால் பொதியைப் பிரித்தார். காற்றுக் குமிழ்த் தாளில் நாலு சுற்று, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் கெமரா. கையால் மடித்த காகிதக் கொக்கு ஒன்றும் இருந்தது. சுங்க அதிகாரி இளைஞர். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். கெமராவை இடப்பக்கம் திருப்ப, உள்ளே ஆட்கள் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். கண்ணாடியில் எல்லாம் இடம்வலம் மாறித்தான் தெரியும். சிரித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு விலைப்பற்றைப் பார்த்தார்.

"இவ்வளவு பழசுக்கு உண்மையிலேயே இவ்வளவு காசா?"

குறைத்து எழுதியதைப் பிடிப்பதற்காக அங்கே இருக்கும் மனிதர், கூட்டி எழுதிவிட்டேனோ என்று சந்தேகப்படுகிறார்! ஓம், உண்மைதான் என்றேன். சந்தேகம் வேறு, கணக்கு வேறு. பொருளின் விலையோடு அனுப்பிய கூலியையும் கூட்டி, அதன்மேல் தீர்வை, தீர்வையையும் சேர்த்து அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. எல்லாமாக இருபதாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல். ஆகக் கெமரா ஏறத்தாழ ஓர் இலட்சத்தில் வந்து நின்றது.

வாப்பாவுக்கு இப்போது 81 வயது. ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தது. பெட்டியை மடியில் வைத்ததும் ஒன்றும் பேசவில்லை. விரல்கள் தாமாகவே போய் மூடியைத் திறந்தன, கைபிடியை முன்னே சுற்றிப் பின்னே திருப்பின. ஒரு செக்கனில் வைத்து அழுத்திவிட்டுக் காதோடு பிடித்துக் கேட்டார். பிறகு, "டோர்ச் லைற்ற எடு மகன்" என்றார். பின் மூடியைத் திறந்து லென்ஸுக்குள் வெளிச்சம் பிடித்தார்.

"கீழ்க் கண்ணில பூஞ்சணம் ஒரு பொட்டு கிடக்கு."

"ஓம் வாப்பா, வித்தவரும் எழுதியிருந்தார்."

"சொல்லித்தான் வித்தானா? நல்ல மனிசன். எவ்வளவுக்கு எடுத்த?"

ஓர் இலட்சம் என்றால் அன்று சோறு இறங்காது. "இருபத்தையாயிரம்" என்றேன்.

வாப்பா கெமராவைக் கீழே வைத்தார். நெடுநேரம் யோசித்தார்.

"இந்தச் சாமான் அந்த வெலைக்கு வராது. அவனுக்கு என்ன கஷ்டமோ தெரியா. நீ கூடக் குடுத்திருக்கலாம் மகன். இப்பயும் அனுப்பலாந்தானே?"

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் அந்தக் காகிதக் கொக்கை எடுத்துப் பேரனிடம் கொடுத்துக் கதையை மாற்றினேன். கெமராவின் ஒளிமானிக்குரிய பாதரச பற்றரி இப்போது செய்யப்படுவதில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். வெளிச்சம் பார்க்கத் தனக்கு மானி தேவையில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பிலிம்தான் இல்லை. 120 பிலிம் எங்கள் பக்கத்துக் கடைகளில் மறந்துபோன பொருள். கறுப்பு வெள்ளையில் ஐந்து சுருளுக்குச் சொல்லியிருக்கிறேன், அதே யப்பானியரிடம்தான். பெறுமதியைப் பற்றி இம்முறை நான் ஒன்றும் எழுதவில்லை. வாப்பா மாத்திரம் நாளுக்கு இரண்டு தரம், அந்த மனிதனுக்கு மிச்சக் காசு அனுப்பியாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.