குங்குமப்பூவும் ஒரு டம்ளர் பாலும்

கருவுற்றிருக்கும் என் புதல்விக்காகச் சிங்கப்பெருமாள் கோவில் கடையொன்றில் ஒரு கிராம் குங்குமப்பூ வாங்கினேன். ‘அசல் காஷ்மீரம்’ என்றார் கடைக்காரர். பாலில் இட்ட கணமே பால் செக்கச் செவேலென்றாயிற்று. இழையோ வெளுத்துப் போயிற்று. அசல் பூ அவ்விதம் அவசரப்படாது. மெல்ல மஞ்சளைக் கசியவிடும். இழை சிவப்பாகவே நிற்கும். நான் வாங்கியது சாயமேற்றிய நார்!

அசலின் விலையில் வியப்பில்லை. காஷ்மீரத்துப் பாம்பூர் வயல்களில் ஐப்பசியில் மலரும் ஊதாப்பூ ஒன்றுக்கு மூன்றே இழைகள். ஒரு கிலோவுக்குச் சுமார் 1,50,000 பூக்களைக் கையாலேயே கொய்யவேண்டும். உலக விளைச்சலில் பெரும்பகுதி பாரசீகமாகிய ஈரானுடையது; அதுவும் காஷ்மீரப் பெயர் பூண்டு விலைபோவதுண்டு. காஷ்மீரப் பூ 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது.

பூவினால் குழந்தை சிவப்பாகாது என்று வகுப்பில் போதிப்பவன், மனைவியிடம் வாய் திறக்கவில்லை. பாலைக் கொட்டினேன். “கறுப்பாய்ப் பிறந்தால்தான் என்ன, அப்பா?” என்று கேட்டு, மகள் வெறும் பாலைப் பருகினாள்.