தேனுக்கு எந்த ஊரு?

காரைக்காலைத் தாண்டினால் வாஞ்சூர் செக்போஸ்ட். பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவுவார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாலே போதும், புதுச்சேரி சரக்கா இல்லையா என்று லேபிள் சொல்லிவிடும். அன்றைக்கு என் மடியிலும் ஒரு பாட்டில். லேபிள் இல்லை. நாகப்பட்டினத்தில் இருக்கும் தங்கைக்கு அப்பா கொடுத்தனுப்பியது. திறந்து மோந்து பார்த்த போலீஸ்காரர், "தேனா? எந்த ஊருது?" என்றார்.

"கொல்லிமலை சார்."

சைக்கிளில் கொண்டுவந்து விற்பவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அப்பா இருபது வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறார், சூரணம் குழைத்துச் சாப்பிட. தண்ணீரில் ஒரு சொட்டு, தீக்குச்சியில் ஒரு சொட்டு... அப்பாவின் லேப் அவ்வளவுதான். நல்ல கெட்டிப் பாகும் அதில் பாஸாகிவிடும் என்று சொன்னால் முறைப்பார்.

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 பிராண்டு தேன்களைச் சோதித்து ரிசல்ட் வெளியிட்டது. இங்கே பாஸான பல சாம்பிள்கள், ஜெர்மனி லேபின் என்.எம்.ஆர். சோதனையில் ஃபெயில். தேறியது மூன்றே பிராண்டுகள். கம்பெனிகள் மறுத்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரிய கடைத் தேனுக்கே இந்தக் கதி என்றால் சைக்கிள் தேன்?

நான் பி.காம்.காரன். விசாரித்ததில் புரிந்தது இது: கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு, தேனீ போகும் பெரும்பாலான செடிகளின் விதம் வேறு. அந்த வித்தியாசம் சர்க்கரையில் அப்படியே தங்கிவிடும். அதனால் கரும்புப் பாகு மாட்டிக்கொள்ளும். அரிசிப் பாகு தப்பிவிடும். நெல்லும் பூச்செடிகளின் கட்சி. நம்ம டெல்டா ஆளா இப்படி!

ஊரைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மண்ணிலுள்ள தாதுக்கள் செடி வழியே துளித்துளியாய்த் தேனுக்கு வந்து சேரும். மகரந்தம் பூவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஊரின் அசல் தேன் லேபின் கணக்கில் இருக்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் ஆடிட் பண்ண முடியுமா? மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அங்கே தேனீக்கள் அதிகம் உறிஞ்சுவது ரப்பர் மரத்தின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை. பூவே இல்லை!

போன மாதம் சைக்கிள்காரரைத் தெருமுனையில் மடக்கினேன். "அண்ணே, நெசத்தைச் சொல்லுங்க. கொல்லிமலைதானா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "கோட்டுச்சேரி வாய்க்கால் கரை தம்பி. புங்கம்பூ. தேன் அசல்தான், சத்தியமா. நம்மூருன்னு சொன்னா எவன் வாங்குறான்?"

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.