நடமாடும் நிழல்

கடலூருக்குப் போகிறவர்கள் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கிவிட்டுத் திரும்புவது வழக்கம். நாமோ மகா புத்திசாலித்தனமாக, வைகாசி மாதத்து நடுப்பகலில் அங்கே போய்ச் சேர்ந்தோம். மணலில் நாலு அடி வைப்பதற்குள் பாதங்கள் நடனமாடத் தொடங்கிவிட்டன. சிதம்பரம் போய்ச் சேருமுன்பே தாண்டவம் ஆரம்பமாகிவிட்டதே என்று எண்ணியவாறு, கண்ணில் பட்ட முதல் நிழலில் தஞ்சம் புகுந்தோம்.

அது மீனவர்கள் வலை பழுது பார்க்கும் பந்தல். "வாங்க ஐயா, இப்படி உட்காருங்க" என்று ஒரு பெரியவர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

நாலு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும்தானே என்று அலட்சியமாக நினைத்த நாம், சற்று உற்றுப் பார்த்ததும் வியப்படைந்தோம். தார்ப்பாய் மட்டும் இருந்தால் அடியில் இருப்பவர் வெந்து போவார். ஆகையால் அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்று வேய்ந்திருந்தார்கள். கீற்றைக் காற்று பிய்க்காதபடி அதன்மேல் கிழிந்த வலையைப் போர்த்தியிருந்தார்கள். மணலில் முளை நிற்காதல்லவா? மணல் நிரப்பிய சாக்குகளைப் புதைத்து, அவற்றில் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். எல்லாம் அவர்களே கண்டுபிடித்த உபாயங்கள்!

கனடா முதலிய குளிர்தேசங்களில், உறைந்த ஏரியின்மீது சிறு கூடாரம் அமைத்து, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். அங்கே கூடாரத்தின் ஓரங்களில் பனியைக் குவித்துக் காற்றை அடைக்கிறார்கள். ஆயினும் உள்ளே அடுப்பு எரிவதால், நச்சுப் புகை வெளியேற மேலே ஒரு வழி விடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கே குளிர், இங்கே வெயில். மனிதனுடைய யோசனை மட்டும் ஒன்றுதான்.

"பந்தலை எவ்வளவு நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றுவீர்கள்?" என்று கேட்டோம்.

"கடல் நகரச் சொல்றப்போ நகர்த்துவோம்" என்று கூறிய பெரியவர், கயிற்றின் ஒரு நுனியை இழுத்துக் காட்டினார். முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது. பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "2004-க்கு அப்புறம் இந்த முடிச்சையும் நாங்க நம்புறதில்லை. தண்ணி வருதுன்னா பந்தலை அப்படியே விட்டுட்டு ஓடணும், ஐயா. பொருளை எடுக்கத் திரும்பினவங்க எத்தனையோ பேர் வரலை" என்றார்.

அந்த டிசம்பர் 26-ஆம் தேதியை இக்கரை எப்படி மறக்கும்? 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோதும், பந்தல் என்ன, கூரை வீடுகளே பறந்தன.

மறுநாள் சிதம்பரத்தில் தரிசனத்தை முடித்துக்கொண்டு பிச்சாவரம் போனோம். உப்பங்கழியில் இருளர் மக்கள் மார்பளவு நீரில் அமர்ந்து, ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பந்தல் அந்தக் காடேதான். சுரபுன்னைகளுடன் அங்கே தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். ஆழிப்பேரலையின்போது, பின்னால் இருந்த சில கிராமங்களில் அலையின் வேகத்தைத் தணித்ததும் இந்தக் காடுதான்.

பெரியவருடைய பந்தலை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடலாம். மறுபடி ஒரு மணி நேரத்தில் கட்டியும்விடலாம். இந்தப் பச்சைப் பந்தலை வெட்டிவிட்டால், மறுபடி கட்டுவதற்கு ஒரு தலைமுறை ஆகும். அலை அதுவரை காத்திருக்குமா?