சொத்துக் கணக்கில் பதினெட்டு லிட்டர்

பெட்ரோல் கெட்டுப்போகுமா?

பால் கெட்டுப்போகும். இட்லி மாவு புளித்துப்போகும். சாம்பார் மறுநாள் ஊசிப்போகும். ஆனால், லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்கிற பெட்ரோல் எப்படி சார் கெட்டுப்போகும் என்றுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். அதனால்தான் ஓடாத ஸ்கூட்டரிலும், மாடிப்படிக்குக் கீழே தூங்குகிற ஜெனரேட்டரிலும், தோட்டத்து மோட்டாரிலும் அது பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கெட்டுப்போகும். வாங்கின சில மாதங்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். அதில் சீக்கிரம் ஆவியாகிற பகுதி முதலில் பறந்துவிடும். அதுதான் வண்டியை ஸ்டார்ட் பண்ண வைக்கிற பகுதி. மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறி, பிசின் மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கெடாது. தீப்பிடிக்கிற குணம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு படகு. கடலிலோ ஏரியிலோ அல்ல. கள்ளிக்குப்பத்தில், எங்கள் தெருவில், ஒரு வீட்டு போர்ட்டிகோவில்.

அம்பத்தூர் பக்கம் ஒரு வீட்டு வாசலில் மோட்டார் படகு எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காத ஆளே கிடையாது. கூரியர் பையன்கூடக் கேட்டிருக்கிறான். படகின் சொந்தக்காரர் எங்கள் எதிர்வீட்டு சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனவர். 2015 டிசம்பர் 1-ம் தேதி அவர் தன் வயதான அம்மாவோடு முடிச்சூரில் தங்கை வீட்டில் இருந்தார். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாள் அது. மொட்டை மாடியில் ஓர் இரவும் ஒரு பகலும். அம்மாவின் சர்க்கரை மாத்திரை கீழ்வீட்டுத் தண்ணீரில். கடைசியில் வந்து இறக்கியது மீனவர்களின் ஃபைபர் படகு. அந்த வருஷம் சென்னையில் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்தது கடற்கரைக் குப்பங்களிலிருந்து லாரியில் ஏறி வந்த அந்தப் படகுகள்தான்.

அடுத்த மாதமே சார் செகண்ட்ஹேண்டில் ஒரு படகு வாங்கிவிட்டார். பதினாலு அடி. பின்னால் மாட்டுகிற மோட்டார். பின் சீட்டுக்கு அடியில் அலுமினியத் தொட்டி. ‘இனிமே யார் வரவுக்காகவும் மாடியில நின்னு கையாட்ட மாட்டேன்’ என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் பாருங்கள், புழல் ஏரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், எங்கள் தெருவில் மட்டும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சார் முதல் நாளே கேன் கேனாக பெட்ரோல் வாங்கி வந்து, 2T ஆயில் கலந்து தொட்டியில் ஊற்றினார். பதினெட்டு லிட்டர். எஸ்டேட் மூழ்கியது, கொரட்டூர் மூழ்கியது. எங்கள் தெருவில் படகு மிதக்கிற அளவுக்குத் தண்ணீரே நிற்கவில்லை. படகு தார்ப்பாய்க்குள் திரும்பிப் போனது. பெட்ரோல் தொட்டியிலேயே இருந்தது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவா, செலவா என்று பிரிக்கிற புத்தி போகாது. அந்தப் பதினெட்டு லிட்டரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? சார் அதை சொத்து என்று எழுதியிருந்தார். ‘ரெண்டாயிரம் ரூபா சாமான் சார், எப்பவாவது உதவும்’ என்பார். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், வேறு கணக்கு வைத்திருந்தார். ‘வீட்டுக்குள்ள ஒரு வாடை வருதுங்க. பேரன் அந்தப் படகுலதான் ஏறி விளையாடறான்’ என்பது அவர் புகார்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அக்கா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். படகைக் கழுவி, பழைய பெட்ரோலை எடுத்து, புதுசு ஊற்றி, மோட்டாரை ஒரு தரம் ஓட்டி, மறுநாள் மற்ற வண்டிகளோடு அதற்கும் பொட்டு வைத்து, பூ சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிடுவது.

தெருமுனை மெக்கானிக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். பதினேழு வயசுக்கு மேல் இருக்காது. கையில் ஒரு பச்சை டியூப், ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் கேன். டியூபின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயில் வைத்துக்கொண்டான். நீங்களும் நானும் ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான்.

‘இன்னாடா பண்ற? டியூபை கீழ போடு!’

சத்தம் போட்டவர், மோட்டாரைப் பார்ப்பதற்காக சார் காசிமேட்டிலிருந்து வரவழைத்திருந்த பெரியவர். வாழ்க்கை முழுக்க படகு மோட்டார் கழற்றி மாட்டினவர். பையன் பயந்துபோய் டியூபை விட்டான்.

‘நானும் உன்ன மாதிரி வாயில வெச்சு இழுத்தவன்தான் தம்பி. கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் ஒரு வாய் இழுத்தான், பொறை ஏறிச்சு. முழுங்கினதால இல்ல, நெஞ்சுல எறங்கினதால. மூணு வாரம் ஆஸ்பத்திரி. அப்புறம் அவனால வலை இழுக்கவே முடியல.’

அவர் சொன்னதில் மருத்துவ உண்மை இருக்கிறது. பெட்ரோல் தண்ணீரைவிட மெல்லிய திரவம். துளி நுரையீரலுக்குள் போனால் போதும், உள்ளே பரவிப் புண்ணாக்கி நிமோனியா மாதிரிக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் யாராவது பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறார்கள். வயிற்றில் இருப்பது மேலே வரும்போது நெஞ்சுக்குள் இறங்கிவிடலாம். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

பெரியவர் அதற்கப்புறம் தொட்டிப் பக்கமே போகவில்லை. குனிந்து படகின் அடித்தட்டை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

‘எல்லாரும் கொஞ்சம் நவுருங்க. யம்மா, உள்ள அடுப்பு எரியுதா?’

எரிந்துகொண்டுதான் இருந்தது. படகுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் எட்டடிதான். தொட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்து, சொட்டுச் சொட்டாகப் படகுக்குள் கசிந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் அம்மாக்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வாழ்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் பெட்ரோலையும் அதன் தம்பி மாதிரி நினைத்துவிடுகிறோம். மண்ணெண்ணெய் சாதாரண வெயிலில் அவ்வளவு எளிதாகத் தீப்பிடிக்கிற ஆவியை விடாது. பெட்ரோல், மைனஸ் 40 டிகிரி குளிரில்கூட விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். சமையல் கேஸ் மாதிரியே தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளத்தைத் தேடிப்போய்த் தங்கும்.

படகு என்பது என்ன? ஒரு பெரிய கிண்ணம். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கச் செய்த கிண்ணம், ஆவி வெளியே போகாமலும் வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே தார்ப்பாய் வேறு.

‘நாளைக்கு இங்கதான் கற்பூரம் காட்டலாம்னு இருந்தோம்’ என்றார் அக்கா மெதுவாக. பேரன் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சார் அந்த நிமிஷம் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

அதற்கப்புறம் பெரியவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் அடுப்பு, விளக்கு எல்லாம் அணைந்தன. படகை டிராலியோடு எதிர்க் காலி மனைக்குத் தள்ளினோம். தார்ப்பாயை எடுத்து, ஒரு மணி நேரம் சும்மா காற்றாட விட்டார். பையனுக்குப் பொறுமை இல்லை, ஃபேன் வைக்கலாமா என்றான். ‘ஃபேன் மோட்டார்ல பொறி வரும்டா’ என்றார். எல்லார் செல்போனும் வீட்டுக்குள் போனது. வாடை அடங்கின பிறகுதான் பேட்டரி ஒயரைக் கழற்றினார். அதற்கு முன்னால் தொடவே இல்லை. இரண்டு வாளி மணலும், சார் காரில் இருந்த பவுடர் தீயணைப்பானும் பக்கத்தில் வந்தன. தண்ணீர் வாளி வேண்டாம் என்றுவிட்டார். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதக்கும். தண்ணீர் ஊற்றினால் தீயைத் தெரு முழுக்கப் பரப்பின மாதிரி ஆகும்.

அடுத்து பையனின் பிளாஸ்டிக் கேன் ஓரம் கட்டப்பட்டது. பெட்ரோல் குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் உண்டாகும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுப்போமே, அதே சமாச்சாரம். பிளாஸ்டிக்கில் அது இறங்க வழியில்லாமல் தேங்கி நிற்கும். அதனால் மூடியுள்ள இரும்பு கேன், அதுவும் வெறும் மண் தரையில். தொட்டியின் வாய்க்கும் கேனுக்கும் நடுவில் ஒரு செம்புக் கம்பியை கிளிப் போட்டு இணைத்தார். பையிலிருந்து ரப்பர் பல்பு வைத்த கைபம்பை எடுத்தார். டியூபின் முனை கேனின் அடியைத் தொடுகிற மாதிரி விட்டு, மெதுவாக, மிக மெதுவாக அமுக்கினார். கேனைக் கழுத்து வரைக்கும் நிரப்பவில்லை. வெயிலில் பெட்ரோல் விரியும். அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

கடைசியில் வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே பழுப்பாக ஒரு அடுக்கு, கீழே கலங்கலாக இன்னொரு அடுக்கு. இன்றைக்கு நாம் போடுகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022-ல் நாடு முழுக்கப் பத்து சதவீதத்தைத் தொட்டு, 2025-ல் இருபதுக்கு வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பத்து சதவீதக் கலவையில் ஏறத்தாழ அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். பதினெட்டு லிட்டருக்கு அது 90 மில்லி. ஒரு டம்ளர் காபிக்கும் குறைவு. மோட்டார் பெட்ரோலை உறிஞ்சுவதோ தொட்டியின் அடியிலிருந்து. வெள்ளம் வந்து சார் அவசரமாகக் கயிறை இழுத்திருந்தால், மோட்டாருக்குள் போயிருக்கப்போவது பெட்ரோல் இல்லை. ஏறி உட்கார்ந்த குடும்பத்தோடு படகு நடுத்தெருவில் நின்றிருக்கும்.

‘டேங்க் காலி ஆயிடுச்சு, இனிமே பயமில்லையே?’ என்று கேட்டேன்.

‘காலி டேங்க்தான் சார் டேஞ்சரு’ என்றார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரையிலிருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். நிரம்பின தொட்டிக்குள் காற்றுக்கு இடம் கிடையாது. காலியாக்கினதும் காற்று உள்ளே வந்து, சரியான விகிதம் அமைந்துவிடுகிறது. ‘காலிதானே’ என்று டேங்கர் லாரியில் வெல்டிங் வைத்து வெடித்த செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். சார் வீட்டுத் தொட்டி, மூடி திறந்து, ஆள் நடமாட்டம் இல்லாத நிழலில் நாள்கணக்கில் கிடந்தது. ‘இதுல வெல்டிங் வெக்கறேன்னு எவன் வந்தாலும் தொரத்திடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது இரும்பு கேன். பையன் அப்பாவியாகச் சொன்னான்: ‘சாக்கடைல ஊத்திடலாம் சார்.’

1992 ஏப்ரல் 22-ம் தேதி மெக்சிகோவில் குவாதலஹாரா என்ற ஊரில், குழாயில் கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடைக்குள் போனது. வாடை வருகிறதென்று ஜனங்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். காலையில் தெருக்கள் கிலோமீட்டர் கணக்கில் பிளந்தன. 200-க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டின எண்ணெயை நம் பிள்ளைகள் வாளியால் அள்ளியது மறந்துவிட்டதா? சார் தொட்டியை நிரப்பின அதே மிக்ஜாம் மழையில், வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. 2015-ல் நம்மை மாடியிலிருந்து இறக்கியது அப்படிப்பட்ட படகுகள்தான். அவர்கள் தண்ணீரில் நாம் பெட்ரோல் ஊற்றலாமா?

சார் தன் பழைய எஸ்டேட் நண்பர்களைப் பிடித்தார். அங்கே ஒரு தொழிற்சாலையின் கழிவு எண்ணெயை எடுக்க அங்கீகாரம் பெற்றவர்கள் வருவதுண்டு. அவர்களிடம் கேன் போனது. காசு கொடுத்துத்தான் போனது. சொத்து என்று எழுதின பதினெட்டு லிட்டர், கடைசியில் கடன் பக்கத்தில் போய் விழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 1934-ம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டத்தில், விற்பனைக்காக அல்லாமல் 30 லிட்டர் வரைக்கும் பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆனால் இறுக்கி மூடின, 25 லிட்டருக்கு மிகாத உலோகப் பாத்திரத்தில். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டர்தான். கூல்டிரிங்க்ஸ் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை.

சாரைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை. மாடியில் அம்மாவோடு ஓர் இரவு நின்றவருக்குத்தான் அந்தப் பெட்ரோலின் அருமை தெரியும். காப்பாற்றும் என்று நம்பித்தான் சேர்த்துவைத்தார். ஆனால், சேர்த்துவைத்ததை நடுவில் ஒரு தடவை திறந்து பார்க்காவிட்டால், காப்பு என்று வைத்ததே பேரன் விளையாடுகிற இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். படகை அவர் விற்கவில்லை. இப்போது மோட்டார் தனியாக இருக்கிறது, புது ரப்பர் குழாய் இருக்கிறது, தொட்டி காலி. உள்ளே இரண்டு துடுப்பு. மழை எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு வாங்கி ஊற்றுவது, தண்ணீர் வடிந்ததும் எடுத்துக் காரில்... இல்லை, காரிலும் இல்லை, 2T ஆயில் கலந்தது காருக்கு ஆகாது. அதனால், ஊற்றுவதே மூன்று லிட்டருக்கு மேல் இல்லை என்று அக்கா சட்டம் போட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் படகு இருக்காது. அப்பாவின் ஞாபகமாக நிறுத்திவைத்த பஜாஜ் ஸ்கூட்டர் இருக்கலாம். ஊருக்குப் போன பிள்ளையின் பைக் இருக்கலாம். ஜெனரேட்டருக்கென்று வாங்கி, பாதி மீந்துபோன கேன் ஒன்று பூஜை அறைக்குப் பின்பக்கச் சுவரோரம் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மடித்து வைத்ததும் போய் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.

வாடை வந்தால், முதலில் அடுப்பை அணையுங்கள். டியூபை யார் வாயில் வைக்க வந்தாலும், தட்டிவிடுங்கள்.