அவருக்குத் தெரியும்

தன்னை ஒருவர் அறிந்திருக்கிறார் என்பதில் மனிதனுக்கு எத்தனை ஆறுதல்! பழக்கமில்லாத ஊரின் ரயிலடியில் யாரோ நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவர் யாரென்று திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே மனம் குளிர்ந்துவிடுகிறது. ஆனால், அவர் நம்மை முழுக்க முழுக்க அறிந்தவர் என்றால் அந்த ஆறுதலே அச்சமாகவும் மாறும். ஊருக்கு மறைத்ததெல்லாம் அவருக்குத் தெரியுமே! தெரிந்த பிறகும் நம்மிடம் பிரியம் வைப்பாரா? இந்தக் கேள்வி எழாத மனிதன் உண்டோ?

வைப்பார் என்பதுதான் கிறிஸ்தவ பக்தி சொல்லும் பதில். அதை நான் ஞானப் புத்தகங்களில் கற்றதைவிட ராயபுரத்துத் தெருக்களில் கற்றதே அதிகம்.

ராயபுரம் என்பதே ஒரு மீனவரின் பெயர்தான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் யோவானை அருளப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், பேதுருவை இராயப்பர் என்றும் உறவு கொண்டாடி அழைத்தவர்கள். அந்த இராயப்பரின் பெயரால் 1829-இல் இங்கே ஓர் ஆலயம் எழுந்தது. பேட்டைக்கும் அவர் பெயரே நிலைத்தது. ஆலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டிகள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பெட்டிகளையும் பிரயாணிகளையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். விறைப்பாக நிற்கும் படகை அலை உடைத்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். நாள்தோறும் அந்த அலையைக் கடந்தவர்கள், தங்களைப் போலவே வலை வீசியவரும் தண்ணீரில் அஞ்சிக் கூவியவருமான ஒருவரைக் காவலராகக் கொண்டதில் வியப்பென்ன?

இராயப்பர் பெரிய வீரர் அல்லர். உயிரே போனாலும் குருவை விடமாட்டேன் என்று சபதம் செய்தவர், அதே இரவில் கரி நெருப்பருகே குளிர்காய்ந்தபடி, ஒரு வேலைக்காரியின் கேள்விக்கே அஞ்சினார். பொழுது விடிவதற்குள் மூன்று முறை குருவை மறுத்துவிட்டார். உயிர்த்தெழுந்த இயேசுநாதர் அவரை ஏரிக்கரையில் மறுபடியும் சந்திக்கிறார். அங்கேயும் ஒரு கரி நெருப்பு, அதன் மேல் மீன். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மேல் அன்பு உண்டா என்று மட்டும் கேட்கிறார். அதையும் மூன்று முறை கேட்கிறார். இராயப்பர் எந்தச் சாட்சியைக் காட்டுவார்? அவர் செய்த காரியமே அவருக்கு எதிர்ச்சாட்சி. ஆகவே, கேட்டவரையே சாட்சிக்கு அழைத்துவிட்டார்: என் மனத்தில் இருப்பது உமக்கே வெளிச்சம் என்கிற பாவனையில். தன் துரோகத்தைக் கண்ட அதே கண், அதற்கு அடியில் கிடக்கும் பிரியத்தையும் காணும் என்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை! மனிதர்கள் நம்மில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். முழுக்கப் பார்ப்பவர் ஒருவர் இருந்தால்தான் நமக்கு விமோசனம்.

இந்தத் தாகம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. ராயபுரத்துக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் திருவொற்றியூர். அங்கேதான் சுந்தரர் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரம் மட்டும் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவபெருமானிடம் வேண்டிக்கொண்டாராம்! பெருமானோ சங்கிலியாரிடம், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே கேட்கும்படி சொல்லிவைத்தார். பிறகு சுந்தரர் சத்தியம் தவறி ஊர் எல்லையைத் தாண்டினார், கண்ணை இழந்தார். ஆனால் தோழமையை இழக்கவில்லை. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன. தோழனின் மனத்தை முன்கூட்டியே அறிந்தவர்தான் கடைசி வரை தோழராகவும் இருந்தார்.

இவையெல்லாம் பெரிய பக்தர்களின் கதைகள். சாமானியனுக்கு இந்த அறிவு என்ன தரும் என்று கேட்கலாம்.

என் தகப்பனார் மூட்டை சுமந்தவர். சரக்கு இறக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் அவருக்குப் பெயர் கிடையாது. பித்தளை வில்லையில் பொறித்த நம்பர்தான். விடியற்காலையில் மேஸ்திரி அந்த நம்பரைக் கூவினால் வேலை; கூவாவிட்டால் வெறுங்கையோடு வீடு. ஒருமுறை இரும்புத் தகடு விழுந்து கால் நசுங்கிப் படுத்துவிட்டார். நஷ்டஈடு இல்லை என்று கடிதம் வந்தது. அதில் நம்பர் சரியாக இருந்தது. பெயர்தான் வேறு யாருடையதோ! அம்மா அழுதாள். அப்பா சிரித்தார். "உடும்மே, எம் பேரு தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு" என்றார்.

இது ஏழையின் வெறும் சமாதானம் என்று தோன்றலாம். ஆனால், கால் ஆறியதும் அதே ஒப்பந்தக்காரரின் வாசலில் நாள் கணக்கில் நின்று, பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லி, பாதித் தொகையாவது வாங்கி வந்தவரும் அவரேதான். தன்னை ஒரு நம்பர் என்று எண்ணாதவனுக்கல்லவா அப்படி நிமிர்ந்து நிற்க வரும்?

இதைவிடக் கடுமையான சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் கரையேறி வந்தது. எல்லாம் அறிந்தவருக்கு இது மட்டும் தெரியாமலா போயிற்று என்று கரையோரத்தில் எழுந்த கேள்விக்கு எந்தப் பிரசங்கமும் போதவில்லை. கேள்வி நியாயமானது. அதற்கு விடை என்னிடம் இருப்பதாக நான் பாசாங்கு செய்ய மாட்டேன்.

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தாள். அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அவளுடைய ஒரே மகன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனவன். உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் எல்லோரும் தங்கள் தங்கள் உறவினர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அவள் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் ஒன்றை ஏற்றிவைப்பாள். பேரலைக்குப் பிறகு, பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்கு அவள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தாள். தேவ சித்தம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. "புள்ள பேரு இன்னாம்மா?" என்று கேட்பாள். சொன்னதும் அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை மெல்லச் சொல்வாள். வேறு பேச்சில்லை, கூடவே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் அவளாகவே என்னிடம் சொன்னாள்: "எம் மவன் எங்க கெடக்குறான்னு எனக்குத் தெரியாது நைனா. அவருக்குத் தெரியும்."

கடல் ஏன் கொண்டுபோயிற்று என்பதற்கு அந்தப் பேச்சில் விளக்கம் ஏதுமில்லை. கல்லறை இல்லாத மகனுக்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த விலாசம் அது. அவன் கிடக்கும் இடத்தை அறிந்தவர், அவன் பெயரை மறவாதவர், அவன் மீது பிரியம் குறையாதவர் ஒருவர் இருக்கிறார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் கடைசி வரை மீன் கூடை சுமந்தாள். பிறர் துக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கடவுளின் அன்பைப் பற்றி இதற்கு மேல் என்னிடம் யாரும் நிரூபணம் கேட்க வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.